கப்பலில் வந்த கிரில் அடுப்பு

என் வீட்டுக்காரரை அடக்கம் செய்து இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் அனுப்பிய பெட்டி வந்தது.

ஆடி மாதம். எங்கள் வீடு கோவில்பட்டியின் ஓரத்தில், வீடுகள் முடிந்து மானாவாரிக் காடுகள் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. உழுது போட்டிருக்கும் கரிசலை ஆடிக் காற்று அள்ளிக்கொண்டு வந்து ஜன்னல் விளிம்பெல்லாம் கொட்டும். அன்றைக்கும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேதான் இருந்தேன். போன் அடித்தது.

“அண்ணாச்சி இருக்காவளா? கார்கோவுல இருந்து பேசுதோம்.”

“இல்ல.”

“எப்ப வருவாவ? பெட்டி அவிய பேர்லதான் வந்திருக்கு. அவிய இருந்தா நல்லது.”

“நான் அவிய வீட்டுக்காரிதான். கொண்டுட்டு வாங்க, நான் வாங்கிக்கிடுதேன்.”

“அதுக்கில்லக்கா. அவிய ஊருக்கு வந்துட்டாவளா, இல்ல இன்னும் அங்கனதான் இருக்காவளான்னு கேக்கேன்.”

“வந்துட்டாவ. கல்லறைத் தோட்டத்துல இருக்காவ.”

அப்படிச் சொல்ல வேண்டுமென்று நான் நினைக்கவில்லை. வாயில் வந்துவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து வண்டிச் சத்தமும் காற்றுச் சத்தமும் மட்டும் கேட்டன. கொஞ்சம் பொறுத்து அந்தப் பையன், “சரிக்கா, சாயங்காலம் கொண்டாந்து இறக்கிருதேன்” என்று மெதுவாகச் சொல்லி வைத்துவிட்டான்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தார் அவர். அறையில் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர். வெள்ளிக்கிழமை லீவு. கோழியை மசாலா தடவி எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே மணல்வெளிக்குப் போய்ச் சுட்டுத் தின்பார்கள். அதற்கென்று சந்தையில் அவர் ஓர் அடுப்பு வாங்கியிருந்தார். வீடியோவில் காட்டினார். உருண்டையாக, மூடியோடு, மூன்று கால் வைத்து இருந்தது.

“இது என்னன்னு தெரியுதா?”

“இட்லிக் கொப்பரையா?”

“போடி. இது கிரில் அடுப்பு. கீழ கரி, மேல கம்பி. கம்பில கறியப் போட்டுச் சுடணும். ஆவணில லீவுக்கு வாரேன்லா, அதுக்கு முன்னாலயே கப்பல்ல போட்டு விட்டுருதேன். நம்ம புறவாசல்ல வச்சு உங்களுக்குச் சுட்டுத் தாரேன்.”

“கோழியக் கொழம்பு வச்சா எறங்காதோ? அதுக்குக் கப்பல்ல அடுப்பு வரணுமாக்கும்.”

“நீ அன்னைக்கு ஒரு நாள் சும்மா உக்காந்திரு. நான் சமைக்கேன்.”

எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவர் சமைத்து நான் பார்த்ததில்லை. அங்கே போய்த்தான் கற்றுக்கொண்டிருக்கிறார். நான் சிரித்தேன். அவரும் சேர்ந்து சிரித்தார். வைகாசியில் ஒரு காலையில் வேலைக்குப் புறப்பட்டவர் செருப்பைப் போட்டுக்கொண்டே சரிந்து விழுந்துவிட்டார் என்று அறைத்தோழர் போன் செய்தார். உடல் திருவனந்தபுரத்துக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து ஆம்புலன்சில் ஊருக்கு வந்தது. முகத்தை மட்டும் காட்டினார்கள். அந்த நாட்களைப் பற்றி எனக்கு அதிகம் எழுத வரவில்லை.

சாயங்காலம் பெட்டி இறங்கியது. கொண்டுவந்த பையன் என் முகத்தைப் பார்க்காமல், “கொச்சி துறைமுகத்துல மழைல கெடந்துட்டுக்கா. கொஞ்சம் நனைஞ்சிருக்கும்” என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போய்விட்டான். அட்டை முழுக்க ஊறி, காய்ந்து, மறுபடி ஊறியிருந்தது. வீட்டில் நானும் மாமியாரும்தான். மகள் நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிறாள், ஹாஸ்டலில் இருந்தாள். கத்தியால் கயிற்றை அறுத்தேன்.

மேலே சோப்புகள், பால் பவுடர், ஒரு போர்வை, மாமியாருக்குத் தைலம், மகளுக்கு ஒரு கைப்பை. பால் பவுடர் கல்லாகிப்போயிருந்தது. கைப்பையில் பூசணம். அடியில் இன்னொரு கம்பளிப் போர்வையில் சுற்றி அந்த அடுப்பு இருந்தது. அடிபடாமல் வர வேண்டுமென்று போர்வையைச் சுற்றி, கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார். போர்வை தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டு மாதமாக இரும்பை அணைத்துக்கொண்டு கிடந்திருக்கிறது. பிரித்தால் போர்வையெல்லாம் காவி. அடுப்பின் அடிப்பாகம் செதில் செதிலாக உரிந்து வந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது.

அந்தத் துருவை எனக்குத் தெரியும். நான் பிறந்தது குளத்தூர்ப் பக்கம். அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தார். அங்கே இரும்பு என்றால் சாகிற பொருள்தான். சைக்கிள் செயின் இறுகிவிடும், பூட்டுக்குள் சாவி ஒடிந்துவிடும், ஜன்னல் கம்பியைக் கையால் முறித்து எடுத்துவிடலாம். சாதாரணத் துரு தூளாக வரும். உப்புத் துரு ஏடு ஏடாக வரும். உரிக்க உரிக்க உள்ளே இன்னொரு ஏடு இருக்கும். கல்யாணமாகி கோவில்பட்டிக்கு வந்தபோது எனக்கு இந்த ஊரில் பிடித்த முதல் விஷயமே காய்ந்த காற்றுதான். மழைக்காலம் தவிர அரிவாளை வெளியே போட்டால்கூட அப்படியே கிடக்கும்.

மாமியார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார்.

“இத எதுக்குட்டி பிரிச்ச? பழைய இரும்புக்காரன் வந்தா தூக்கிக் குடுத்துரு.”

“இருக்கட்டும் அத்த.”

“எதுக்கு? யாரு சுடப் போறா?”

அவர் தைலக் குப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் வெயில் வந்ததும் அடுப்பைப் புறவாசலுக்குத் தூக்கிப்போனேன். அதைச் சுரண்ட ஏன் உட்கார்ந்தேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியவில்லை. வீட்டில் செய்வதற்கு வேறு வேலை இல்லை என்பதுதான் உண்மை. துக்கம் கேட்க வருகிறவர்களும் நின்றுவிட்டார்கள். ஒரு கம்பி பிரஷ், உப்புத்தாள், கொஞ்சம் மண்ணெண்ணெய், ஊறவைத்த புளி. அடுப்பின் கால்களை இணைக்கிற போல்ட்டுகள் அசையவே இல்லை. அவற்றில் மண்ணெண்ணெய் விட்டு ஊறப் போட்டுவிட்டு, கரி போடுகிற உருண்டைச் சட்டியைச் சுரண்டினேன். முதலில் ஏடுகளைப் பழைய கத்தியால் பெயர்த்து எடுக்க வேண்டும், அப்புறம் பிரஷ், அப்புறம்தான் உப்புத்தாள். உள்ளே ஒரு புள்ளி துருவை விட்டுவிட்டு மேலே எதைப் பூசினாலும் வீண். அது பூச்சுக்கு அடியில் இருந்துகொண்டு தின்னும். அடியில் ஓரிடத்தில் பிரஷ் அப்படியே வெளியே போய்விட்டது. ஓட்டை. அதன் வழியாகக் கீழே மண் தெரிந்தது.

கறி சுடுகிற கம்பி வலையைக் கையில் எடுத்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். வலையில் ஒரு பாதி முழுக்கத் துரு. மறுபாதியில் துருவே இல்லை. அந்தப் பாதி கறுப்பாக, பிசுக்காக இருந்தது. எரிந்த கொழுப்பும் மசாலாவும் கம்பியில் தடித்து ஒட்டியிருந்தன. முகர்ந்தால் அத்தனை ஈரத்துக்கும் மேலாக மிளகு வாசம் லேசாக வந்தது. இரண்டு கம்பிக்கு நடுவில் சிறு எலும்புத் துணுக்கு ஒன்று சிக்கியிருந்தது.

கழுவிய பாதி துருப்பிடித்துவிட்டது, கழுவாத பாதியைக் கொழுப்பு காப்பாற்றியிருக்கிறது. அது எனக்குப் புரிந்தது. புரியாதது, அவர் ஏன் பாதியைக் கழுவி, பாதியை விட்டார் என்பதுதான். டிபன் பாக்ஸின் மூடி இடுக்கைக்கூட ஊக்கால் சுத்தம் செய்கிற மனுஷர். அறைத்தோழர்கள் யாரோ பாதியில் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கறுப்பைத் தேய்க்கக் கை வரவில்லை. அவர் கடைசியாகச் சுட்டுத் தின்றது அது. ஆனால் பழைய கொழுப்பு அப்படியே இருக்கக் கூடாது. ஊசி நாற்றம் எடுக்கும், எறும்பு ஏறும். ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு தேய்த்தேன். அந்தச் சத்தம் உள்ளே கேட்டிருக்க வேண்டும். அடுப்படி ஜன்னலை மாமியார் இழுத்துச் சாத்தினார்.

தேய்த்துக் கழுவியதைத் துணியால் துடைத்தால் மட்டும் போதாது. ஈரம் கம்பி இணைப்புகளில் உட்கார்ந்திருக்கும், மறுநாளே காவி பூக்கும். உடனே அனலில் காட்டிக் காயவைக்க வேண்டும். பழைய விறகடுப்பை மூட்டி வலையைக் காட்டினேன். சூடு இருக்கும்போதே கடலெண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் தடவி, மறுபடி அனலில் காட்டினேன். புது தோசைக்கல்லைப் பழக்குகிற மாதிரிதான். எண்ணெய் அதிகமானால் பிசுக்காகும். மெல்லிசாக, பல தடவை. சாயங்காலத்துக்குள் வலை கறுத்து மினுங்கியது. பிரஷ்ஷின் கம்பி மயிர் எங்காவது ஒட்டியிருந்தால் கறியோடு தொண்டைக்குள் போய்விடும் என்று ஈரத்துணியால் ஒவ்வொரு கம்பியாகத் துடைத்துப் பார்த்தேன். அதில் யார் கறி சுடப் போகிறார்கள் என்று தெரியாமலேயே துடைத்தேன்.

அடிச்சட்டியின் ஓட்டைக்கு வெல்டிங் பட்டறையில் ஒரு தகடு வைத்துத் தந்தார்கள்.

ஐப்பசியில் மழை இறங்கியது. கரிசல் நனைந்தால் சேறு அப்பிச் செருப்பு கல்லாய்க் கனக்கும். அப்படி ஒரு நாளில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த அறைத்தோழர் வந்தார். கடம்பூர்க்காரர். லீவில் வந்திருந்தார். என் வீட்டுக்காரரின் கடிகாரமும் கண்ணாடியும் ஒரு பையில், இன்னொரு பையில் போளி. மாமியார் வேதக்கோயிலில் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தார். காபி கொடுத்தேன். குடிக்காமல் வைத்துக்கொண்டே இருந்தார்.

“மைனி, ஒரு விசயம் சொல்லணும். சொல்லாம என்னால இருக்க முடியல.”

“சொல்லுங்க.”

“அண்ணனுக்கு மொதல்லயே வலி இருந்துச்சு. கோழி சுட்டோம்லா கடைசியா, அந்த வெள்ளிக்கிழமையே. ஒரு கைய நெஞ்சுல வச்சுக்கிட்டே கறியத் திருப்பிப் போட்டுக்கிட்டிருந்தாவ. என்னன்னு கேட்டா கேஸுன்னாவ. சோடா குடிச்சாவ. ஆசுபத்திரிக்குப் போவோம்னு நானும் சொல்லிப் பாத்தேன்.”

“என்ன சொன்னாவ?”

“இப்பப் போனா மெடிக்கல்ல அன்பிட்னு எழுதி அனுப்பிருவான், பிள்ள படிப்பு முடியட்டும்னாவ. அதுவரைக்கும் வீட்ல மூச்சு விடாதன்னு என் கையப் பிடிச்சாவ.”

தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

“மறுநாள் உக்காந்து அந்தக் கம்பியத் தேச்சுக் கழுவுனாவ. கப்பல்ல போறது, அழுக்கோட போகக் கூடாதுன்னு. பாதி கழுவுனதும் மூச்சு வாங்குச்சு. ‘போதும்டே, மிச்சத்த ஊர்ல போய்க் கழுவிக்கிடுவோம்’னு அப்பிடியே சுத்திக் கட்டுனாவ. கட்டும்போது நானும் ஒரு பக்கம் பிடிச்சேன்.”

அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்த வாரத்தில்கூட என் வீட்டுக்காரர் இரண்டு தடவை வீடியோவில் பேசினார். மகளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார், மாமியாரின் மூட்டுவலியைக் கேட்டார். நான் அவரிடம் “ஏன் முகம் வாடியிருக்கு?” என்று கேட்டதற்கு, “இங்கன வெயிலு அப்பிடி” என்றார். எத்தனை வருஷம் சேர்ந்து பிழைத்திருக்கிறோம். என்னிடம் சொன்னால் நான் என்ன செய்துவிடுவேன்? அழுதிருப்பேன். வந்துவிடுங்கள் என்று சண்டை போட்டிருப்பேன். அதற்குத்தான் பயந்திருக்கிறார்.

கடம்பூர்க்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “என் மேல கோவமா மைனி?” என்று கேட்டார். “உங்க மேல என்ன இருக்கு” என்றேன். அவர் போன பிறகு கதவைத் தாழிட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து, உயிரோடு இருக்கிறவரைத் திட்டுகிற மாதிரி என் வீட்டுக்காரரைத் திட்டினேன்.

மாமியாரிடம் நான் இதைச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அந்த மழையில் அடுப்பு என் கைக்கு இன்னொரு வேலை வைத்தது. தார்ப்பாயைப் போட்டு இறுக்கி மூடி, கல் வைத்திருந்தேன். மழை விட்ட ஒரு நாள் திறந்தால் உள்பக்கமெல்லாம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. இறுக்கி மூடினால் தரையின் ஈரம் உள்ளேயே நின்றுவிடும். தகடு வைத்த இடத்தின் ஓரம் மறுபடி காவி கட்டியிருந்தது. சுரண்டி, எண்ணெய் தடவி, இந்தத் தடவை நாலு செங்கல் மேல் தூக்கி வைத்தேன். அடியில் காற்றுப் போக இடம் விட்டு மேலே மட்டும் மூடினேன். கோபத்தோடேதான் செய்தேன். ஆனாலும் செய்தேன்.

கிறிஸ்துமஸுக்கு மகள் வந்தாள். அந்த வருஷம் வாசலில் நட்சத்திரம் கட்டவில்லை, பலகாரம் சுடவில்லை. கோயிலுக்குப் போய் வந்து படுத்துக்கொண்டோம். மறுநாள் காலையில் அவள் புறவாசலில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள்.

“அம்மா, அப்பா அனுப்புனதா?”

“ஆமா.”

“நல்லாத்தான இருக்கு. துருப் பிடிச்சுப் போச்சுன்னு ஆச்சி சொன்னாவளே?”

நான் அவளைக் கிணற்றடியில் உட்காரவைத்து, கடம்பூர்க்காரர் சொன்னதைச் சொன்னேன். பாதி கழுவிய வலையைப் பற்றியும் சொன்னேன். நர்சிங் படிக்கிற பிள்ளை. அழுவாள் என்று பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

“வலி இடது கைக்கு எறங்குச்சாம்மா?”

“அது தெரியல.”

“வேர்த்துச்சாம்மா?”

“கேக்கலட்டி.”

“ஒரு ஈசிஜி எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பத்து நிமிச வேல.” கையிலிருந்த செங்கல் துண்டைத் தரையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். “தெனமும் வார்டுல இப்பிடி ஆளுகளப் பாக்கேன். கேஸுன்னுதான் எல்லாரும் சொல்லுதாவ.” அப்புறம்தான் அழுதாள். என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல்.

கோழி வாங்கிவரச் சொன்னவள் அவள்தான். சீமைக் கருவேலங்கரி கடையில் மூட்டையாகக் கிடைக்கும். ஒரு பை வாங்கினோம். இரண்டு பேருக்கும் சுடத் தெரியாது. தீ எரியும்போதே கறியைப் போட்டுவிட்டோம். வெளியே கருகி உள்ளே ரத்தமாக இருந்தது. முதல் துண்டுகளை நாய்க்குப் போட்டோம். தீ அடங்கிக் கரி வெளுத்த பிறகு போட்டவை ஒருமாதிரி பதமாக வந்தன. கொழுப்பு சொட்டும்போதெல்லாம் புகை எழுந்து கண்ணில் அடித்தது.

மாமியார் புறவாசல் கதவுக்கு வந்து நின்றார். மகள் ஒரு துண்டைத் தட்டில் வைத்து நீட்டினாள்.

“ஆச்சி, ஒரு வாய் தின்னுங்க.”

“எனக்கு வேண்டாம்மா.”

“அப்பா அனுப்புன அடுப்புலா?”

“அதான் வேண்டாங்கேன்” என்று சொல்லிவிட்டு மாமியார் உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது இங்கிருந்தே தெரிந்தது. நானும் மகளும் நின்றுகொண்டே தின்றோம். உப்பு கொஞ்சம் தூக்கல். நன்றாகத்தான் இருந்தது.

மகள் ஹாஸ்டலுக்குத் திரும்பிய பிறகு நான் சாம்பலை அள்ளிக் கொட்டினேன். சாம்பலை அடுப்பில் விடக் கூடாது. அது காற்றின் ஈரத்தை இழுத்து அடித்தகட்டை அரித்துவிடும். வலையைச் சூட்டோடு சுரண்டியிருக்க வேண்டும். மறந்துவிட்டோம். மறுபடி அனலில் காட்டி, தேய்த்து, எண்ணெய் போட்டேன். இந்தத் தடவை இரண்டு பாதியையும் ஒரே மாதிரி.

சில நாள் கழித்து மாமியார் கேட்டார்.

“ஏட்டி, அத வேற எங்கனயாவது நகத்தி வையேன். அடுப்படில நின்னா அதுதான் கண்ணுல படுது.”

கொடுத்துவிடு என்று அவர் சொல்லவில்லை. நான் அதைத் தூக்கிக் கிணற்றடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்தேன். அங்கே ஜன்னலிலிருந்து தெரியாது. ஆனால் கூரைத் தண்ணீர் அந்தப் பக்கம்தான் இறங்கும். அதனால் மழைக்காலத்தில் தினமும் ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.